கணக்கு கேட்ட அப்பாவும் மசாய் மாரா லாட்ஜும்

"நீங்க எங்ககிட்ட தங்கினா அதுல ஒரு பங்கு நல்ல காரியத்துக்குப் போகுது"ன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, ஆப்பிரிக்கா சஃபாரி லாட்ஜ் வெப்சைட் எதைத் திறந்தாலும் அது இருக்கும், பக்கத்துலயே ஒரு மசாய் இனத்துப் பையன் சிரிக்கிற படம், கீழ ஒரு சிங்கக்குட்டி. எவ்ளோ பங்கு, என்ன காரியம், யாரு கைக்குப் போகுதுன்னு தேடினா மட்டும் ஒண்ணும் கிடைக்காது. எனக்கு இந்த வரியப் பாத்தாலே ஒரு சந்தேகம் வந்துரும், அதுக்குக் காரணம் எங்க அப்பா.

அப்பா ரொம்ப வருஷம் கோயில் நிர்வாகக் குழுவுல பொருளாளரா இருந்தவரு. 2005ல இங்க சிங்கப்பூர்ல, சிறுநீரக நோயாளிகளுக்கு உதவற என்கேஎஃப் அறநிறுவனத்தோட தங்கமுலாம் பூசின குழாய் விவகாரம் வெடிச்சப்போ, நன்கொடைப் பணம் இப்படியா போகுதுன்னு ஊரே கொதிச்சது ஞாபகம் இருக்கும், எங்க வீட்ல அந்தச் சூடு இன்னிக்கு வரைக்கும் ஆறல. யாரு நன்கொடைன்னு வந்து நின்னாலும் அவரு கேக்கற முதல் கேள்வி "ஆடிட் ரிப்போர்ட் இருக்கா?"தான். கொடுக்க மாட்டாருன்னு இல்ல, நல்லாவே கொடுப்பாரு, ஆனா கணக்கப் பாத்துட்டுத்தான். அதனால ஜூன் ஸ்கூல் லீவுக்கு கென்யா போலாம், ஒரு ட்ரஸ்டுக்கு உதவி பண்ற சின்ன லாட்ஜ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், நீங்களும் வாங்கப்பான்னு நான் சொன்னப்ப அவரு சிங்கத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "ராத்திரிக்கு எவ்ளோ?"ன்னாரு. ஆளுக்கு 600 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேலன்னு சொன்னேன், சாப்பாடு, வண்டி, கைடு எல்லாம் சேத்துதான். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "இதுல அவங்களுக்கு எவ்ளோ போகுது?" இத்தனைக்கும் வெளிநாட்டு அறப்பணிக்குக் கொடுக்கற காசுக்கு இங்க வரிக்கழிவு கிடையாது, ஐபிசின்னு அரசாங்க அங்கீகாரம் உள்ள உள்ளூர் அமைப்புக்குக் கொடுத்தாத்தான் அந்த 250 விழுக்காடு கழிவு, அதையும் அவரே எடுத்துச் சொன்னாரு.

லாட்ஜ் பேர நான் இங்க போடல. போட்டா விளம்பரம் மாதிரி ஆயிரும், அப்புறம் எவ்ளோ கமிஷன்னு கேப்பீங்க.

போறதுக்கு முன்னாடி வேலை நிறைய. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போட்டுக்குங்க, கென்யாவுலேர்ந்து திரும்பி வரும்போது சாங்கி ஏர்போர்ட்ல அந்த சர்டிபிகேட் இல்லன்னா தனிமைப்படுத்த அதிகாரம் இருக்கு, ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அது செல்லும், ஆனா 2016லேர்ந்து ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். வயசானவங்க டாக்டர்கிட்ட முதல்ல பேசிக்கணும், 60 தாண்டினவங்களுக்கு யோசிச்சுத்தான் போடுவாங்க, அப்பாவுக்கு அதுக்குன்னே தனியா ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆச்சு. விசாவுக்குப் பதிலா 2024லேர்ந்து இடிஏன்னு ஆன்லைன்ல எடுக்கற ஒரு பயண அனுமதி வந்திருக்கு, உங்க பாஸ்போர்ட்டுக்கு அது வேணுமான்னு முன்னாடியே பாத்துக்குங்க. முக்கியமா பிளாஸ்டிக் பை. கென்யாவுல 2017லேர்ந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, அபராதம் பயங்கரம். எங்க வீட்ல எந்தச் சாமானும் முஸ்தஃபா கடை பிளாஸ்டிக் பையில்லாம பெட்டிக்குள்ள போகாது, முறுக்கு ஒரு பை, செருப்பு ஒரு பை, அழுக்குத்துணிக்குன்னு மடிச்சு வச்ச வெறும் பை நாலு. கிளம்பற ராத்திரி எல்லாத்தையும் கொட்டி, தலையணை உறையில போட்டுக் கட்டினோம். நைரோபி வில்சன் ஏர்போர்ட்லேர்ந்து மசாய் மாராவுக்குப் போற குட்டி விமானத்துல ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரம் வச்ச கட்டிப் பெட்டி ஆகாது, அமுக்கினா அமுங்குற பைதான் வேணும், தலையணை உறை அதுக்கு ரொம்ப வசதியாவே போச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். மசாய் மாரான்னு நாம சொல்றது ரெண்டு வகை நிலம். ஒண்ணு நேஷனல் ரிசர்வ், அது அரசாங்க நிலம், நரோக் கவுன்டி பாத்துக்குது, சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூர் மாதிரி ரெண்டு மடங்கு. அதுக்கு நுழைவுக் கட்டணமே வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 100 அமெரிக்க டாலர், ஜூலையிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் 200. இன்னொண்ணு அதுக்கு வடக்கேயும் கிழக்கேயும் ஒட்டினாப்புல இருக்கற கன்சர்வன்சிகள், ஓல் கின்யெய், ஒலாரே மோடோரோகி, மாரா நார்த், நபோய்ஷோ அப்படின்னு. அதெல்லாம் மசாய் குடும்பங்களோட சொந்த பட்டா நிலம். முன்னாடி கூட்டா வச்சிருந்த மேய்ச்சல் நிலத்தப் பிரிச்சு ஆளுக்கு ஒரு துண்டுன்னு எழுதிக் கொடுத்தப்ப, எல்லாரும் வேலி போட்டா மிருகமும் போயிரும் மாடும் மேய முடியாதுன்னு, பக்கத்துப் பக்கத்து நிலக்காரங்க சேந்து மொத்தமா லாட்ஜுங்களுக்குக் குத்தகைக்கு விட்டாங்க. நபோய்ஷோ 2010ல அப்படி வந்ததுதான், 500க்கு மேல நிலக்காரங்க, சுமார் 50,000 ஏக்கர், நம்ம தீவுல கால்வாசிக்கும் மேல. நாங்க தங்கினதும் இப்படி ஒரு கன்சர்வன்சியில.

எனக்கு இதெல்லாம் அங்க போற வரைக்கும் தெரியாது. படிச்சிருந்தேன், ஆனா படிச்சதுக்கும் அப்பா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுக்கும் வித்தியாசம் இருக்கு.

முதல் நாள் காலையில ஆறு மணிக்கே வண்டியில கிளம்பிட்டோம், ஜூன்ல அங்க அப்படி ஒரு குளிரு, கடல் மட்டத்துலேர்ந்து 1,500 மீட்டருக்கும் மேலல்ல இருக்கு, யூனிக்லோ ஜாக்கெட்டு மேல லாட்ஜ் கொடுத்த கம்பளி, அதுக்கு மேல அப்பாவோட மங்கி கேப். ஒரு மேட்டுல வண்டிய நிறுத்தி கைடு தம்பி பானெட்டு மேல ஒரு துணி விரிச்சு ஃபிளாஸ்க்ல டீ ஊத்தினாரு. எதிர்ல தொடுவானம் வரைக்கும் புல்லுதான், ஒரு வேலி கிடையாது ஒரு கம்பம் கிடையாது, தூரத்துல வரிக்குதிரைக் கூட்டம். அப்பா கப்ப வாங்கிக்கிட்டு "தம்பி, இந்த நிலம் யாரோடது?"ன்னு கேட்டாரு இங்கிலீஷ்ல. அவரு சிரிச்சிக்கிட்டே கையக் காட்டி, அந்த ஒத்த மரத்துலேர்ந்து இந்தப் பள்ளம் வரைக்கும் எங்க பெரியப்பாவோடது, நீங்க இப்ப அவரு நிலத்துலதான் டீ குடிக்கிறீங்க, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எங்க அப்பாவோடதுன்னாரு. எங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, எல்லாம் ஒரே புல்லு. அவருக்கு மட்டும் அங்க வரப்பு தெரியுது.

அதுக்கப்புறம் அரை மணி நேரம் மிருகம் பாக்கவே இல்ல. என் மக வரிக்குதிரை வரிக்குதிரைன்னு இழுத்துக்கிட்டு இருக்கா, அப்பா குத்தகை பத்தி விசாரிச்சுக்கிட்டு இருக்காரு. ஏக்கருக்கு இவ்ளோன்னு ஒப்பந்தம், மாசாமாசம் நிலக்காரர் கணக்குல நேரா விழுந்துரும். டூரிஸ்ட் வந்தாலும் வராட்டியும் அந்தப் பணம் வந்தாகணும். பதிலுக்கு அந்த நிலத்துல வீடு கட்டக்கூடாது, வேலி கூடாது, உழக்கூடாது, மாடு மேய்க்கலாம் ஆனா இந்த மாசம் இந்தப் பக்கம்னு ஒரு திட்டம் போட்டுத்தான். 2020ல கோவிட் வந்து டூரிஸ்டே இல்லாம போனப்ப என்ன ஆச்சுன்னு அப்பா கரெக்டா அங்க புடிச்சாரு. குத்தகைய குறைச்சுப் பேசி சமாளிச்சாங்களாம், அந்த நேரத்துல பல வீட்ல மாட்ட வித்துத்தான் சாப்பிட்டாங்கன்னு கைடு தம்பி சாதாரணமா சொன்னாரு.

அப்பா கப்ப வச்சிட்டு என்னப் பாத்து தமிழ்ல, "அப்ப இது தர்மம் இல்லம்மா, வாடகை"ன்னாரு. முகத்துல அப்படி ஒரு திருப்தி. அத கைடுகிட்ட இங்கிலீஷ்ல சொன்னப்ப அவரும் வாடகைதான் வாடகைதான்னு தலைய ஆட்டிக்கிட்டு, வெப்சைட்ல எழுதறவங்க எங்க ஆளுங்களுக்கு உதவி பண்றோம்னு எழுதறாங்க, எங்க அப்பா அதப் படிச்சா கோவப்படுவாரு, நிலத்தக் கொடுத்து உதவி பண்றது நாங்கதானேன்னாரு. நான் சொல்ல வந்ததே இதுதான். அந்த "ஒரு பங்கு நல்ல காரியத்துக்கு"ங்கற வரிக்குள்ள முழுசா வேற ரெண்டு பணத்தப் போட்டுக் கலக்கிடறாங்க. குத்தகைங்கறது நிலக்காரருக்குச் சேரவேண்டிய பணம், கொடுத்தே ஆகணும். ட்ரஸ்ட் நன்கொடைங்கறது வேற.

ட்ரஸ்டு பணம் என்ன பண்ணுதுன்னும் பாத்தோம். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி எல்லாம் ராத்திரியில மாட்டுப்பட்டிக்குள்ள பூந்துரும். பட்டிய அங்க போமான்னு சொல்றாங்க, முள்ளுக்கிளைய வட்டமா அடுக்கி வச்சது. மாடு போச்சுன்னா கோவத்துல செத்த மாட்டுமேல விஷத்தத் தூவி வச்சிருவாங்க, 2015 டிசம்பர்ல மாராவுல மார்ஷ் பிரைடுன்னு டிவியில பேர் வாங்கின சிங்கக் கூட்டத்துக்கே அப்படித்தான் ஆச்சு, பூச்சிமருந்து வச்சு, சிங்கங்க செத்துப்போச்சு. திட்டி என்ன பிரயோஜனம், ஒரு மாடுன்னா அந்த வீட்டுக்கு என்னன்னு யோசிக்கணும். அதனால எங்க லாட்ஜோட ட்ரஸ்டு முள்ளுவேலிக்குப் பதிலா கம்பிவலை போட்டுத் தருது. நாங்க போன போமாவுல கம்பத்தத் தொட்டுப் பாத்தேன், மரம்னு நெனச்சேன், வழுவழுன்னு கருப்பா இருக்கு, பாத்தா பழைய பிளாஸ்டிக்க உருக்கி வார்த்த கம்பம். மரக்கம்பம்னா கரையான் அரிச்சிரும், அதுக்கு மரமும் வெட்டணும், இதுல அந்தத் தொல்லை இல்ல. வலையோட அடிப்பக்கம் சும்மா தொங்கல, மண்ணுக்குள்ள மடிச்சுப் புதைச்சு மேல கல்லு வச்சிருக்காங்க, தோண்டிக்கிட்டு உள்ள வராம. செலவுல பாதி மாட்டுக்காரர், பாதி ட்ரஸ்டு. "சும்மா கொடுக்கலேல்ல, அதான் ஒழுங்கா பாத்துக்கறாங்க"ன்னு அப்பா சுத்திச் சுத்தி வந்து கம்பத்த ஆட்டிப் பாத்தாரு, ஒண்ணும் ஆடல.

ஆனா எனக்கு அங்கதான் ஒரு உறுத்தல் வந்துச்சு. போமா வாசல்ல ஒரு அம்மா உக்காந்து மணி கோத்துக்கிட்டு இருந்தாங்க, எழுபது வயசு இருக்கும், கண்ணாடி இல்லாம ஊசியில அந்தப் பொடி மணிய ஒவ்வொண்ணா எடுக்கறாங்க, கை நடுங்கவே இல்ல. குத்தகைப் பணம் உங்களுக்கு வருதான்னு கைடு மூலமா கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. நிலப்பட்டா ஆம்பளைங்க பேர்லதான் இருக்கு, பணமும் அவங்க கணக்குக்குத்தான் போகுது, அப்புறம் வீட்டுக்கு எவ்ளோ வருதுங்கறது அந்தந்த வீட்டப் பொறுத்தது. பொம்பளைங்க கைக்குன்னு வர்றது பால் வித்த காசும் இந்த மணி வித்த காசும்தான். அப்பா பொருளாளர் கண்ணால பாத்த கணக்குல இந்தக் கேள்வி இல்லவே இல்ல, ஏன்னா சீட்டுல ஏறின பணம் சரியா இருந்தா கணக்கு முடிஞ்சுது. நான் அவருகிட்ட சொன்னேன். "நம்ம கோயில்லயும் ரசீது குடும்பத் தலைவர் பேர்லதானேம்மா போடுவோம்"ன்னாரு, அத ஒரு பதிலாத்தான் சொன்னாரு, சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுன்னு நினைக்கறேன், ஏன்னா கைடுகிட்ட திரும்பி பொம்பளைங்க பேர்ல எத்தன பட்டா இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாரு. ரொம்பக் கம்மின்னாரு அவரு.

மணிவேலைய அந்த அம்மாகிட்டயே நேரா வாங்கினோம், காச கையில கொடுத்தோம். லாட்ஜ் கடையிலயும் அதே வளையல் இருக்கு, அங்க ஒவ்வொண்ணுலயும் செஞ்சவங்க பேரும் அவங்களுக்குப் போற தொகையும் எழுதின சின்ன அட்டை தொங்குது, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

சரி, லாட்ஜ் எப்படின்னு ஒண்ணும் சொல்லலையேன்னு கேப்பீங்க. நல்லா இருந்துச்சு. கூடாரம்னு பேரு, உள்ள பெரிய கட்டில், எழுத மேசை, பின்னாடி பாத்ரூம், எல்லாம் சோலார். வேலி கிடையாது, அதனால இருட்டினா தனியா வெளிய வரக்கூடாது, டார்ச் அடிச்சுக் கூப்பிட்டா ஈட்டி வச்ச காவலாளி வந்து கூட்டிட்டுப் போவாரு. குளிக்கணும்னா சொல்லணும், ஒரு தம்பி சுடுதண்ணிய கேன்வாஸ் வாளியில ஊத்தி கப்பியில மேல ஏத்துவாரு, வாளி தீந்தா குளியல் முடிஞ்சுது. கம்பத்து வீட்ல, அதாவது அந்தக் காலத்துக் கிராமத்து வீட்ல, கிணத்துல இறைச்சுக் குளிச்சவரு எங்கப்பா, அவருக்கு இதுல குஷி தாங்கல, என் வீட்டுக்காரருதான் தலையில ஷாம்புவோட நின்னு "தண்ணி தண்ணி"ன்னு கத்திக்கிட்டு இருந்தாரு. முதல் ராத்திரி அப்பா கூடாரத்துலேர்ந்து ஒரே சத்தம். போர்வைக்குள்ள ஏதோ சூடா, மெத்துன்னு, மயிரோட ஒரு ஜந்து படுத்திருக்குன்னு. ஹாட் வாட்டர் பேக். அதுக்கு ஒரு கம்பளி உறை தச்சுப் போட்டுப் படுக்கையில வச்சிட்டுப் போயிருக்காங்க. காவலாளி ஈட்டியோட ஓடி வந்து, பாத்து, சிரிப்ப அடக்கிக்கிட்டு "குட் நைட்"ன்னுட்டுப் போனாரு.

சாப்பாட்டுக்குக் கவலையே வேணாம். நாங்க செவ்வாய், வெள்ளி சைவம், அத முன்னாடியே எழுதிட்டேன். கென்யாவுல சப்பாத்தி அவங்க வீட்டுச் சாப்பாடு, ரயில் பாதை போடப் போன இந்தியர்கள் காலத்துலேர்ந்து அங்க ஊறிப்போனது, ஆனா நம்ம வீட்டுச் சப்பாத்தி மாதிரி இல்ல, சுருட்டித் தேய்ச்சு எண்ணெய் விட்டுச் சுடறாங்க, அடுக்கடுக்கா வருது, ரொட்டி பிராட்டாவுக்குத் தம்பி. கூட சுக்குமா விக்கின்னு ஒரு கீரைப் பொரியல், பீன்ஸும் சோளமும் சேத்து வேகவச்ச கிதெரி. அப்பா கொண்டு வந்த ஊறுகாய சமையல்காரர் ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு பாட்டில கேட்டாரு. கொடுத்துட்டோம்.

மிருகம் பத்தி எல்லாரும் எழுதறாங்க, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு விட்டுடறேன். கன்சர்வன்சியில ஒரு மிருகத்தச் சுத்தி பொதுவா அஞ்சு வண்டிக்கு மேல நிக்க விடறதில்ல, ராத்திரியில வண்டியில போகலாம், பாதைய விட்டு இறங்கி ஓட்டலாம், ரிசர்வுல இதெல்லாம் முடியாது. நாங்க ஒரு சிங்கக் கூட்டத்தப் பாத்தப்ப எங்க வண்டி மட்டும்தான். ஒரு பெண்சிங்கம் வண்டி நிழல்ல வந்து படுத்துச்சு, டயர ஒட்டி. மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு, முதுகுல ஈ உக்காந்து உக்காந்து எழும்புது, காதுல ஒரு கிழிசல். என் மக என் கைய நகம் பதியறாப்புல புடிச்சிருந்தா. கைடு அந்த நேரம் பாத்து மெதுவா, இதோட காதுக் கிழிசல வச்சுத்தான் ஆராய்ச்சிக்காரங்க அடையாளம் கண்டுபிடிக்கறாங்க, மீசை வேர்ப் புள்ளி வரிசையும் ஒவ்வொண்ணுக்கும் வேறன்னு சொன்னாரு. அவரு அங்கேயே இருக்கற கொய்யாக்கி கைடு பள்ளிக்கூடத்துல படிச்சவரு, 2005ல ஆரம்பிச்சதாம், உள்ளூர் மசாய் பசங்களுக்காகவே, பொண்ணுங்களும் படிக்கறாங்க. எவ்ளோ விஷயம் தெரிஞ்சு வச்சிருக்காரு, அடேயப்பா.

திரும்பற வழியில நைரோபியில ஷெல்ட்ரிக் ட்ரஸ்டோட யானைக்குட்டி நர்சரிக்குப் போனோம், காலை 11லேர்ந்து 12 வரைக்கும்தான், முன்பதிவு வேணும். சாவோ ஈஸ்ட் பூங்காவுக்கு முதல் வார்டனா இருந்த டேவிட் ஷெல்ட்ரிக் ஞாபகமா அவரு மனைவி டாஃப்னி 1977ல ஆரம்பிச்சது. தாயில்லாத யானைக்குட்டிக்கு மாட்டுப்பால் சேராது, செத்துப்போகும், அதுக்கு என்ன பால் கொடுக்கறதுன்னு அந்த அம்மா வருஷக்கணக்கா முயற்சி பண்ணி கடைசியில அவங்களுக்கு வழி காட்டினது என்ன தெரியுமா, தேங்காய் எண்ணெய். தாய்ப்பாலோட கொழுப்புக்கு அதுதான் கிட்ட வருதாம். அப்பா இதக் கேட்டதுலேர்ந்து பாட்டி வைத்தியம் எல்லாத்தையும் மறுபடி நம்ப ஆரம்பிச்சிட்டாரு, அது தனிக்கதை. இவங்களுக்கும் இத்தும்பா, உமானி ஸ்பிரிங்ஸ்னு தங்கற இடங்கள் இருக்கு, அதுல வர்ற காசு ட்ரஸ்டுக்கே போகுது. அடுத்த தடவ போக முடிஞ்சா அங்க தங்கணும்.

இப்படி ஒரு லாட்ஜ் புக் பண்ணணும்னு நினைக்கறவங்க முதல்ல ஒரு இமெயில் போட்டுக் கேளுங்க, கூச்சப்படாதீங்க, கொடுக்கறது உங்க காசு. நிலம் யாரோடது, குத்தகை மாசாமாசம் நிலக்காரர் கணக்குக்கு நேரா போகுதா, ட்ரஸ்டு தனியாப் பதிவானதா, கடைசியா எந்த வருஷக் கணக்கு ஆடிட் ஆச்சு, வேலை செய்யறவங்கள்ல எத்தன பேர் அந்த ஊர்க்காரங்க, பொம்பளைங்க எத்தன பேர் (இந்தக் கேள்வி நான் திரும்பி வந்தப்புறம் சேத்தது). நாங்க தங்கின லாட்ஜுக்கு அப்பா சொல்லச்சொல்ல நான் டைப் பண்ணி அனுப்பினேன், ரெண்டாவது நாளே கணக்கு பிடிஎஃப்போட பதில் வந்துச்சு, அவரு அத பிரிண்ட் எடுத்து பென்சில்ல டிக் அடிச்சு ஃபைல் போட்டு வச்சிருக்காரு. அதே கேள்விகள இன்னொரு லாட்ஜுக்கும் அனுப்பியிருந்தோம், அங்க நீச்சல் குளம்கூட இருந்துச்சு, படமெல்லாம் பிரமாதம். ரொம்ப நாள் கழிச்சு "எங்கள் விருந்தினர்கள் அனைவரும் மிகுந்த மகிழ்ச்சியுடன் திரும்பிச் செல்கிறார்கள்"ங்கற மாதிரி ஒரு பதில் வந்துச்சு, கூடவே யானை குளத்துல தண்ணி குடிக்கற படம் ஒண்ணு. அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சாரு, "யானை நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டு லேப்டாப்ப மூடிட்டாரு.